சண்டை விளையாட்டும் முடிவெடுக்கும் மனமும்

நம் நாட்டு விளையாட்டுக்களை இரு வகையாகப் பிரித்துக் காணலாம். ஒருவர் ஆடியபின் மற்றவர் ஆடுவது ஒரு வகை. இருவரும் ஒரே நேரத்தில் ஆடுவது மற்றொரு வகை. ஆடு புலி ஆட்டமும் சதுரங்கமும் முதல் வகையைச் சேர்ந்தவை. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் எல்லோர் கண்ணுக்கும் தெரியக் கட்டத்தின்மேல் நிற்கின்றன. எதிரி செய்தது இன்னது என்று கண்டு, நின்று நிதானித்து, நம் காயை நகர்த்துகின்றோம். சிலம்பமும் கபடியும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சுழன்று வரும் கம்பின் முன்னே, "இனி நம் முறை" என்று யாரும் காத்திருப்பதில்லை. முப்பது விநாடிக்குள் தொட்டுத் திரும்ப வேண்டிய கபடி வீரர் இடப்புறம் போக்குக் காட்டி வலப்புறம் பாய்கின்றார். அவர் பாய்ந்தபின் எண்ணத் தொடங்குவோர் அவர் காலைப் பிடிப்பதில்லை.

இந்த இரண்டாம் வகையில் நம் காலத்தில் தோன்றிய ஒன்று, திரையில் ஆடும் சண்டை விளையாட்டு. பிள்ளைகள் வீடியோ கேம் என்று கூறுவனவற்றுள் இது தனிக் கிளை. ஜப்பான் நாட்டுக் காப்காம் நிறுவனம் 1987இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. 1991இல் வந்த அதன் இரண்டாம் ஆட்டம் உலகெங்கும் பரவியது. 1994இல் நாம்கோ நிறுவனத்தின் டெக்கன் வந்தது. திரையில் இரு வீரர்கள் எதிரெதிரே நிற்பர். ஆடுவோர் இருவரும் ஆளுக்கொரு கருவியைக் கையில் பற்றிப் பொத்தான்களை அழுத்தி அவர்களை இயக்குவர். அடி படுந்தோறும் திரையின் மேற்புறத்தில் உள்ள உயிர்க்கோடு குறையும். முழுதும் குறைந்தவர் தோற்றவர். ஒரு சுற்று பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இதனைப் பார்க்கும் பெரியவர்கள், "இது வெறும் அடிதடி, நேரத்துக்குக் கேடு" என்பர். அடிதடி என்பது மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த அடிதடிக்குள்ளே மனிதர் முடிவெடுக்கும் முறையை மிக நெருங்கிக் காணும் வாய்ப்பு ஒன்று இருக்கின்றது என்பதே இன்று நாம் கூற விழைவது.

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற நகரத்தை அடுத்துள்ளது கராச்சர்மா. தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தோர் எனப் பலரும் கலந்து வாழ்வது அந்தமானின் இயல்பு. வெவ்வேறு தாய்மொழியினராகிய நாங்கள் சிலர், மழை பிடித்துக்கொண்ட மாலைகளில் ஒரு வீட்டில் கூடி இவ்வாட்டத்தை ஆடி வருகின்றோம். பேசுவது இந்தியாகவோ தமிழாகவோ இருக்கலாம். திரையில் ஒருவர் என்ன செய்யப் போகின்றார் என்பதைப் படிக்க எம்மொழியும் வேண்டியதில்லை. ஆடாமல் அமர்ந்திருப்பவர் ஒரு குறிப்பேட்டில் எழுதுவார்: எந்த நிலையில் எவர் எதைத் தேர்ந்தார், அதனால் விளைந்தது என்ன என்பனவற்றை மட்டும். வெற்றி தோல்விக் கணக்கு அதில் இல்லை.

இந்த ஏட்டின் பொருள் விளங்க, ஆட்டத்தின் கால அளவைச் சற்று அறிதல் வேண்டும். திரையில் விநாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. ஒரு படத்தை ஆட்டக்காரர்கள் ஃபிரேம் என்பர். ஒன்றைக் கண்ணால் கண்டு விரல் அசைவதற்கு மனிதர்க்கு ஏறத்தாழக் கால் விநாடி, அஃதாவது 15 படங்களின் நேரம் வேண்டும். வரப்போவது ஒன்றே என்று தெரிந்திருக்கும்போதே இவ்வளவு. வரக்கூடியவை பலவானால் தாமதம் மேலும் கூடும் என்பதை ஹிக் என்னும் ஆங்கில உளவியல் அறிஞர் 1952இல் அளந்து காட்டினார். ஆட்டத்தில் விரைவான குத்து ஒன்றோ நான்கைந்து படங்களில் வந்து சேர்ந்துவிடுகின்றது. கண்டு தடுத்தல் யாராலும் இயலாது. எதிரி தாவி வருதல் போன்ற மெதுவான செயல்களுக்கு அரை விநாடிக்கு மேல் ஆகும். அவற்றைக் கண்டபின் விடை கூறலாம். ஆகவே, கண்டு செய்யத்தக்கவை சில, கருதிச் செய்ய வேண்டியவை சில என இவ்வாட்டம் இரண்டாகப் பிரிகின்றது. முதலாவதற்குப் பயிற்சி போதும். இரண்டாவதற்கு எதிரியின் மனத்தை அறிதல் வேண்டும்.

நெருங்கி நிற்கும் இருவரிடையே பெரும்பாலும் மூன்று செயல்களே முக்கியமானவை: அடித்தல், பிடித்தல், தடுத்தல். அடி பிடியை வெல்லும்; பிடி தடுப்பை வெல்லும்; தடுப்பு அடியை வெல்லும். மூன்றில் எதுவும் எப்போதும் சிறந்ததன்று. எதிரி எதைத் தேர்கின்றார் என்பதைப் பொறுத்தே நம் தேர்வு நன்றாவதும் தீதாவதும். இத்தகைய ஆட்டங்களுக்கு ஒரு கணிதம் உண்டு. அங்கேரி நாட்டில் பிறந்த ஜான் வான் நியூமன் 1928இல் அதனை வகுத்தார். எதிரியால் கணிக்க இயலாதபடி, தக்க விகிதத்தில், ஒழுங்கின்றிக் கலந்து ஆடுவோர்க்கு எவராலும் கேடு சூழ முடியாது என்பது அதன் சாரம். கால்பந்தில் பெனால்டி உதைக்கும் வீரர்கள் இக்கணிதத்துக்கு இசையவே ஆடுகின்றனர் என்று பலாசியோஸ் ஹுவெர்தா என்னும் பொருளியல் அறிஞர் 1,417 உதைகளை ஆராய்ந்து 2003இல் காட்டினார். வலம், இடம் என்னும் இரு புறத்திலும் அவர்களுக்குக் கிட்டிய வெற்றி ஏறக்குறைய ஒத்திருந்தது. முன் உதைக்கும் பின் உதைக்கும் தொடர்பு காணப்படவில்லை.

அவர்கள் அதுவே தொழிலாகக் கொண்ட வீரர்கள். நம் போன்றோர் அவ்வாறு கலந்து ஆடுவது அரிது. ஒழுங்கின்றி எழுதுக என்று எண்களையோ பக்கங்களையோ கொடுத்தால், மனிதர்கள் அளவுக்கு மிஞ்சி மாற்றி மாற்றியே எழுதுகின்றனர் என்பது உளவியலார் பலமுறை கண்டது. ஒரே பக்கம் மூன்று முறை தொடர்ந்து வந்தால் அது நமக்கு இயல்பாகத் தோன்றுவதில்லை.

எங்கள் குறிப்பேடு இதற்கு ஊர்ச்சான்று. நண்பர் ஒருவர் கீழே விழுந்து எழுந்தவுடன் தாவுவார். உயிர்க்கோடு குறையக் குறைய இப்பழக்கம் மிகும். மற்றொருவர் இருமுறை பிடிபட்டால் மூன்றாம் முறை கட்டாயம் அடிப்பார். பிடிபட்ட நாணம் அவரைத் தடுக்க விடுவதில்லை. வேறொருவர் வென்றது எதனாலோ அதனையே மீண்டும் செய்வார். எதிரி அதற்கு விடை கண்டபின்னும் இரண்டு சுற்று வரை விடமாட்டார். முன்னணியில் இருக்கும்போது பின்வாங்கிப் பின்வாங்கித் திரையின் ஓரத்தில் தாமே அகப்பட்டுக்கொள்பவரும் உண்டு. இவர்களில் ஒருவரும் மந்தமானவர் அல்லர். அலுவலகத்திலும் கடையிலும் வீட்டிலும் ஆராய்ந்து முடிவு செய்பவர்களே. ஆயினும் நேரம் குறுகி, நாணமும் அச்சமும் மிகும்போது, முடிவு செய்வது அவர்கள் அல்லர், அவர்கள் பழக்கமே. "அந்த நேரத்தில் தோன்றியதைச் செய்தோம்" என்பர். அந்த நேரத்தில் தோன்றுவது என்றும் ஒன்றே என்பதை ஏடு காட்டும்.

இவ்வாட்டத்தின் வல்லுநரிடம் சிறந்து விளங்குவது விரைவான கையைவிட இந்த அறிவே. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பொமோனாவில் எவோ என்னும் போட்டி நடைபெற்றது. அதில் ஜப்பானியரான டைகோ உமெஹாராவும் அமெரிக்கரான ஜஸ்டின் வாங்கும் மோதினர். டைகோவின் உயிர்க்கோடு ஒரு நூலிழை அளவே எஞ்சியிருந்தது. தடுத்துக்கொண்டாலும் அந்தச் சிறு தேய்மானத்தில் தோற்றுவிடுவார். எதிரி பதினைந்து உதைகள் கொண்ட பெருந்தாக்குதலைத் தொடுத்தார். அதிலிருந்து தப்ப வேண்டுமாயின், ஒவ்வோர் உதையும் படும் அக்கணத்திலேயே எதிரியை நோக்கிப் பிடியைத் தட்ட வேண்டும். முதல் உதை வருவதைக் கண்டபின் தட்டுவோமாயின் காலம் கடந்துவிடும். டைகோ பதினைந்தையும் தட்டி, திருப்பித் தாக்கி அச்சுற்றை வென்றார். கைத்திறன் வியப்புக்குரியதே. ஆனால், எதிரி இனி அதைத்தான் செய்வார் என்று அவர் முன்னரே உணர்ந்து காத்திருந்ததே அதனினும் வியப்புக்குரியது.

இளமைதான் இதற்கு முதல் என்று எண்ணுவோர்க்கு மற்றொரு சான்று உண்டு. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டத்தில் தங்கம் வென்ற தென்கொரியர் கிம் குவான்வூவுக்கு அப்போது வயது 44.

இனி, நண்பர்களிடையே எழுந்த ஒரு வழக்கைக் கூற வேண்டும். ஒருவருடைய பழக்கத்தை ஏட்டின் வாயிலாக மற்றவர் அறிந்துகொண்டால், அதனை அவரிடம் கூறுவதா, கூறாமல் வைத்துக்கொண்டு வெல்வதா? "போரில் யாரேனும் எதிரிக்குத் தன் ஒற்றன் கொணர்ந்ததைச் சொல்வானா?" என்றது ஒரு கட்சி. "சொல்லாவிட்டால் நாளைக்கும் நாம் வெல்வோம், ஆனால் நாளை மறுநாளும் இன்று உள்ள அளவிலேயே இருப்போம்" என்றது மற்றொரு கட்சி. பல மாலைகள் இவ்வழக்கு நடந்தது. முடிவில் ஏட்டை அனைவர்க்கும் பொதுவாக வைப்பது என்று துணிந்தோம். விளைவு உடனே தெரிந்தது. எழுந்தவுடன் தாவிய நண்பர் தாவாமல் இருக்கத் தொடங்கினார். அவர் தாவுவார் என்று காத்திருந்தோர் தோற்றனர். தோற்றோர் புதிதாக எண்ண வேண்டியவராயினர். ஒருவர் குறை தீர்ந்தமையால் மற்றவர் சோம்பலும் தீர்ந்தது.

இவ்வுண்மையைப் பெரிய அளவில் மெய்ப்பித்தது லாகூர். 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானில் நடந்த எவோ போட்டியிலும், அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த எவோ போட்டியிலும் டெக்கன் ஆட்டத்தில் வென்றவர், அந்நகரத்து அர்ஸ்லான் ஆஷ். வெளியுலகம் அதற்குமுன் அவரைப் பெரிதும் அறிந்ததில்லை. தம் நாட்டில் தமக்கு நிகரானவர் பலர் உளர் என்று அவர் கூறியதைக் கேட்டோர் அதனை அடக்கம் என்று கருதினர். பின்னர் அந்நாட்டு ஆட்டக்காரர் பிறரும் வந்து வென்றபோதுதான் அது மெய் என்று விளங்கிற்று. உலகப் போட்டிகளிலிருந்து ஒதுங்கிக் கிடந்த ஓர் ஊரில், தோளோடு தோள் அமர்ந்து ஒருவரையொருவர் நாள்தோறும் கூர்மையாக்கிக்கொண்ட கூட்டத்தின் வெற்றி அது.

ஒதுங்கிக் கிடத்தல் இன்னது என்பதைத் தீவினராகிய நாம் அறிவோம். 2020க்கு முன் அந்தமானின் இணையத் தொடர்பு செயற்கைக்கோள் வழியே வந்தது. அக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. ஒரு செய்தி மேலே சென்று கீழே இறங்கி, அதற்கு மறுமொழி மீண்டும் ஏறி இறங்க, ஒளியின் வேகத்திலும் ஏறக்குறைய அரை விநாடி ஆகும். நம் கணக்கில் 30 படங்கள். நான்கைந்து படங்களில் முடியும் குத்தை அவ்வழியே ஆடுவது எவ்வாறு? எனவே இத்தீவில் இவ்வாட்டத்தை ஆட விழைந்தோர் அடுத்த வீட்டாரையே நாட வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையிலிருந்து கடலடியில் வந்த சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழைக் கம்பித் தொடர் திறந்துவைக்கப்பட்டது. இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னைக்குப் போய்த் திரும்ப இழைவழிப் பயணம் மட்டும் விநாடியில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒன்றரைப் படத்துக்குள் அடங்கிவிடும். இடைக் கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவரோடு ஆடுவது இன்று கைகூடும் செயல்.

எஞ்சிய தாமதத்தை மறைக்கவும் ஓர் உபாயம் கண்டிருக்கின்றனர். தொலைவில் இருப்பவர் அழுத்திய பொத்தான் பற்றிய செய்தி வந்து சேரும் முன், அவர் சற்று முன் செய்ததையே தொடர்ந்து செய்வார் என்று இயந்திரம் ஊகித்து ஆட்டத்தை நடத்தும். ஊகம் பிழைத்தால் சில படங்கள் பின்சென்று திருத்திக்கொள்ளும். பெரும்பாலான நேரங்களில் அவ்வூகம் பலிக்கின்றது. மனிதர் செய்ததையே செய்வர் என்பதை நம் ஏடு மாலைகள் பல கழித்துக் கண்டது. இயந்திரம் அதனை முதலிலேயே நம்பித் தொடங்குகின்றது.

கம்பி வந்தது பெரும் நன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் அதனோடு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இன்று நம் இளைஞன் தன் அறையில் தனியே அமர்ந்து, பெயரறியாத நூறு பேரோடு ஓரிரவில் ஆட முடியும். நூறு பேரும் அவன் குறையைக் கண்டு வென்று சென்றுவிடுவர். நின்று கூறுவார் அரியர். அக்குறையைக் கூறுவதற்கு அவனை நாளையும் காண வேண்டியவர் ஒருவர் வேண்டும். தோற்றவுடன் முகம் சிவப்பதையும், கை இறுகுவதையும், மூச்சு மாறுவதையும் பக்கத்தில் இருந்து கண்டவர் வேண்டும். அவர் கூறினால்தான் அது குறை என்று நம் மனமும் ஒப்பும்.

பெற்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான். பிள்ளை சண்டை விளையாட்டு ஆடுகின்றான் என்று கண்டால், கருவியைப் பறிக்கும் முன் அவன் எவரோடு ஆடுகின்றான் என்று கேளுங்கள். ஆட்டம் முடிந்தபின், "ஏன் அப்போது அதைச் செய்தாய்?" என்று அவனும் அவன் நண்பனும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனரா என்று கவனியுங்கள். கேட்டுக்கொள்வாராயின், அது வீண்பொழுதன்று. விலை பேசும்போதும், வண்டி ஓட்டும்போதும், சினத்தோடு ஒரு சொல்லுக்கு மறுசொல் கூறும்போதும், நமக்குக் கிடைப்பது சில படங்களின் நேரமே. அந்நேரத்தில் நம்மை இயக்குவது நம் அறிவா, பழக்கமா என்பதை உயிர்ச்சேதமின்றி அறிந்துகொள்ளும் இடமாக இவ்விளையாட்டு அமையலாம். பக்கத்தில் ஒரு நண்பர் மட்டும் இருத்தல் வேண்டும்.