தாவர அறிவியல் பட்டப்படிப்பு: எந்தக் கல்லூரியில் சேர்வது?

(மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் கல்வி, வேளாண்மைத் துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில், ஓய்வுபெற்ற பயிர் நோயியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தாவரங்களைப் பற்றிப் படிக்க விரும்புகிறேன், எந்தக் கல்லூரி நல்லது?" என்பதே அது. கேள்வி முறையானதே. எனினும், தாவரத்தைப் பற்றி எதை அறிய விரும்புகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொண்டால் கல்லூரியைத் தேர்வது எளிதாகும்.

இரு வழிகள்

கலை, அறிவியல் கல்லூரிகளில் பயிலும் தாவரவியல், தாவரத்தின் அமைப்பு, வகைப்பாடு, உடலியங்கியல், மரபியல் ஆகியவற்றை ஆராய்கிறது. வேளாண் பல்கலைக்கழகங்களின் நான்காண்டுப் பட்டப்படிப்போ பயிருடன் மண், நீர், பூச்சி, நோய், பொருளாதாரம், விரிவாக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பிக்கிறது. தோட்டக்கலைக்கும் வனவியலுக்கும் தனிப் பட்டங்கள் உள்ளன. நெல்லின் இலையில் தோன்றும் ஒரு பழுப்புப் புள்ளியை இரு மாணவர்களிடம் காட்டுங்கள். பூசணம் இலைக்குள் எவ்வாறு நுழைந்தது என ஒருவர் கேட்பார். எப்போது, என்ன செலவில் அதனைத் தடுக்கலாம் என மற்றவர் கேட்பார். நாட்டுக்கு இவ்விரு கேள்விகளும் வேண்டும்.

வேளாண்மையில் இடம் கிடைக்காதோர் சேரும் பிரிவே தாவரவியல் என்ற எண்ணம் தவறானது. தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் சிப்ரா குஹாவும் எஸ். சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப் பையை வளர்ப்பூடகத்தில் இட்டு, மகரந்தத்திலிருந்தே ஒற்றைமடியக் கருக்களைப் பெற்றனர். 1964-இல் இதனை வெளியிட்டனர். தூய வழிப் பயிர்களை விரைவில் உருவாக்க இம்முறை உலகெங்கும் கைகொடுத்தது. அடிப்படை அறிவியலில் தொடங்கிய ஆய்வு வயலுக்குப் பயன்பட்டதற்கு இது சான்றாகும்.

நாடு கற்ற பாடம்

1942-இல் வங்காளத்தின் நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் கடுமையாகத் தாக்கியது. அடுத்த ஆண்டு பெரும் பஞ்சம் வந்தது. போரும் விலையேற்றமும் நிர்வாகத் தவறுகளும் அதற்குக் காரணங்களாயின. நோயின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், பயிரைக் காக்கும் அறிவு வயலுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்தியது. 1946-இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

கல்வித்துறையிலும் இச்சிந்தனை வளர்ந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, 1949-இல் அளித்த அறிக்கையில் ஊரகப் பல்கலைக்கழகங்களை நிறுவப் பரிந்துரைத்தது. 1960-இல் பந்த்நகரில் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தோன்றியது. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் நிகழ வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கொள்கை. இன்றும் ஒரு கல்லூரியை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

நேரில் காண வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கல்லூரியைப் பார்வையிடும் குழுவில் உறுப்பினராகச் சென்றிருந்தேன். கட்டடம் அழகாக இருந்தது. கல்லூரிப் பண்ணை என்று ஒரு பசுமையான வயலையும் காட்டினார்கள். உடன் வந்த மூன்றாமாண்டு மாணவரிடம், "இதில் உங்கள் பாத்தி எது?" என்று கேட்டேன். "ஐயா, இந்த வயலுக்கு இன்றுதான் முதன்முறையாக வருகிறேன்" என்றார் அவர். அவருடைய தந்தை நிலத்தின் ஒரு பகுதியை விற்றுக் கட்டணம் செலுத்தியிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

ஆகவே, சேருமுன் ஒருநாள் செலவிட்டு அக்கல்லூரிக்குச் செல்லுங்கள். ஆசிரியர் பணியிடங்களில் எத்தனை நிரப்பப்பட்டுள்ளன, செய்முறை வகுப்பில் ஒரு நுண்ணோக்கியை எத்தனை பேர் பகிர்ந்து கொள்கின்றனர், விதைப்பு முதல் அறுவடை வரை மாணவர் தம் பொறுப்பில் பயிர் வளர்க்கின்றனரா என வினவுங்கள். தாவரவியல் துறையானால் உலர்தாவரத் தொகுப்பைக் காட்டும்படி கேளுங்கள். அதில் அண்மை ஆண்டுகளில் மாணவர் சேகரித்த மாதிரிகள் உள்ளனவா எனப் பாருங்கள். வேளாண் கல்லூரியானால், இறுதியாண்டு ஊரக அனுபவப் பயிற்சியில் மாணவர் உண்மையில் கிராமத்தில் தங்குகின்றனரா என முன்னாள் மாணவரிடமே கேளுங்கள்.

அங்கீகாரத்தையும் மறவாதீர்கள். வேளாண் பட்டமாயின், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் தர அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். பின்னர் மேற்படிப்புக்குச் செல்ல நினைக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். அக்கழகத்தின் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்கள் 2023 முதல் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் வழியே நிரப்பப்படுகின்றன. வசதி குறைந்த மாணவர்கள், தனியார் கல்லூரியைத் தேடுமுன் இவ்வழியை முயன்று பார்ப்பது நலம்.

அலுவலர்களுக்கு

மேற்கூறியவற்றையெல்லாம் பதினேழு வயது மாணவர் தாமே விசாரித்து அறிய வேண்டியிருப்பது நமக்குப் பெருமை தருவதன்று. ஒவ்வொரு கல்லூரியின் நிலப்பரப்பு, ஆசிரியர் எண்ணிக்கை, அங்கீகாரக் காலம், முழுக் கட்டணம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில், மாணவரின் மொழியில், விண்ணப்பம் தொடங்குமுன் வெளியிடலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. காலிப் பணியிடங்களை நிரப்புவது கடினமான பணிதான். ஆயினும் ஆசிரியர் இல்லாத துறையில் மாணவரைச் சேர்ப்பது விதையின்றி நிலத்தை உழுவதை ஒக்கும்.

மாணவ நண்பர்களே, தொலைவில் உள்ள பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையே என வருந்த வேண்டாம். அக்கறையுள்ள இரண்டு ஆசிரியர்களும், உங்கள் கையால் உழுது பயிரிட ஒரு பாத்தியும், திறந்திருக்கும் ஆய்வுக்கூடமும் அருகிலுள்ள கல்லூரியில் இருக்குமானால், தயங்காமல் அங்கே சேருங்கள்.