எரிந்து விழும் பிள்ளை

பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் முகம் வாடும், பேச்சு குறையும். பதின்பருவத்தில் அதே நோய் எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படலாம். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவது, தம்பி தங்கையோடு சின்ன விஷயத்துக்கும் சண்டை, கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே கிடப்பது: வீட்டார் முதலில் காண்பது இவற்றைத்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு, பெரியவர்களிடம் சோகத்தைத் தேடச் சொல்லும் இடத்தில், இந்த வயதினருக்கு எரிச்சலையும் சேர்த்துக்கொள்கிறது. வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் வேறு. திமிர், சோம்பேறித்தனம், செல்போன் பைத்தியம், சேர்க்கை சரியில்லை. நோய்க்குத் தண்டனை தருவது இப்படித்தான் தொடங்குகிறது.

காலையில் கத்திய பையன் மாலையில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால் அது பருவக் கோபம். இரண்டு வாரத்துக்கு மேலாக, ஏறக்குறைய நாள் முழுவதும், அதுவரை பிடித்திருந்த எதுவும் பிடிக்காமல் போனால் அது வேறு. விளையாட்டும் வேண்டாம், சினிமாவும் வேண்டாம், கூட்டாளிகளும் வேண்டாம். தூக்கம் வராது, அல்லது எந்நேரமும் தூக்கமாகவே இருக்கும். படித்தது மனத்தில் தங்காது, மதிப்பெண் சரியும். "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற பேச்சு வரும். பலருக்குத் தலைவலி, வயிற்றுவலி, உடம்பு அசதி என்றே இது தொடங்குகிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்து ஒன்றுமில்லை என்று வந்ததும், பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறது என்று வீடு தீர்மானித்துவிடுகிறது. அந்த வலி நடிப்பல்ல.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பருவமடையும்போது உடலின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவைப்படும் வயதில், இரவு பதினொன்றுக்கு முன் கண் அயர முடியாத பிள்ளையை நாலரை மணிக்குப் படிக்க எழுப்புவதால் நன்மை இல்லை. தூக்கக் குறைவு இருக்கிற சோர்வை இன்னும் ஆழமாக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. அவற்றில் முக்கியமான ஒன்று மனச்சோர்வு. இந்தியாவில் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. பருவமடைந்த பிறகு மனச்சோர்வு ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒற்றைக் காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. நெருங்கியவரின் மரணம், பள்ளியில் கேலி, சாதி சொல்லி அவமதிப்பது, பாலியல் தொல்லை, வீட்டில் குடியும் அடிதடியும் ஆகிய எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

பெற்றோர்தான் காரணம் என்று பழிபோடுவது தவறு, கொடுமையும்கூட. ஆனால் வீட்டுச் சூழல் நோயின் போக்கை மாற்றும். பிள்ளை எரிந்து விழுகிறது, தந்தை திட்டுகிறார், பிள்ளை இன்னும் ஒதுங்குகிறது, அந்த ஒதுக்கத்தைப் பார்த்துத் திட்டு கூடுகிறது. இந்தச் சுழலை முதலில் நிறுத்தக்கூடியவர் பெரியவர்தான். நோயில் இருக்கும் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பிளஸ் டூ ஆண்டில் டி.வி. இணைப்பைத் துண்டித்து, கல்யாணம் காட்சிக்குப் போகாமல், வீடே பரீட்சைக்கு விரதம் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் சோர்ந்த பிள்ளையின் கண்ணுக்கு அது திருப்பித் தர முடியாத கடனாகத் தெரியும். அதன் மேல் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டுவது எந்தப் பலனும் தராது.

குடும்பத்தைப் பற்றிய ஆய்வுகளில், தமிழ்க் குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மிர்னா வைஸ்மனும் அவருடைய குழுவினரும், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற தாய்மாரையும் அவர்களுடைய 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஆய்வில் மருந்து பெற்றவர்கள் தாய்மார் மட்டுமே. மூன்று மாதத்தில் தாய்க்குக் குணமான வீடுகளில், தொடக்கத்தில் கோளாறு இருந்த பிள்ளைகளில் 33 விழுக்காட்டினர் அதிலிருந்து மீண்டிருந்தனர். தாய்க்குக் குணமாகாத வீடுகளில் 12 விழுக்காட்டினரே மீண்டனர். "பிள்ளைங்க தலையெடுக்கட்டும், அப்புறம் என்னைப் பாத்துக்கலாம்" என்று தன் நோயைத் தள்ளிப்போடும் அம்மாக்கள் இங்கே ஏராளம். அந்தத் தியாகம் பிள்ளைக்கும் உதவுவதில்லை. அம்மா வைத்தியம் பார்த்துக்கொள்வதும் பிள்ளைக்குச் செய்யும் வைத்தியம்தான்.

லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் வீட்டின் ஆதரவும் பெரும்பாலும் போதும். நடுத்தரமான, கடுமையான நோய்க்கு மருந்தும் தேவைப்படலாம். அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுடைய 439 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையோடு அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்னும் பேச்சுச் சிகிச்சையும் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் தேறினர். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் சுமார் 61 விழுக்காடு, பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கையும் விடுத்தது: இத்தகைய மருந்துகளால் இளவயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். எனவே முதல் சில வாரங்கள் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மாத்திரையை வீட்டார் தாங்களாக நிறுத்தக் கூடாது. பழக்கமாகிவிடும், நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்ற பயத்தில் பாதியில் விட்டு நோயைத் திரும்ப வரவழைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கோயிலில் கயிறு கட்டுவதால் கெடுதல் இல்லை. கயிற்றோடு நின்றுவிடுவதால்தான் கெடுதல்.

சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால், மிரட்டுகிறது என்று ஒதுக்கக் கூடாது. "உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதலே வரும். பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மருந்து மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டிச் சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொண்டு, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். தேர்வு முடிவு வரும் நாட்களில் இந்தக் கவனம் இன்னும் தேவை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வில் தவறியவர்கள் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரி சேர முடியும். முடிவு வருவதற்கு முன்பே இதைப் பிள்ளையிடம் சொல்லி வைப்பது நல்லது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. போலீஸ் கேஸ் என்ற அச்சத்தில் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

வீட்டில் பேச்சைத் தொடங்க நீண்ட அறிவுரை வேண்டாம். "கொஞ்ச நாளா நீ நல்லா இல்லைன்னு தெரியுதும்மா, என்னன்னு சொல்லு" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் வரும்வரை திருத்தாமல், குறுக்கே பேசாமல் பக்கத்தில் இருந்தால் போதும். பேசாவிட்டால் மறுநாள் மீண்டும் கேட்கலாம். அம்மா அப்பாவிடம் சொல்லாததைச் சித்தியிடமோ மாமாவிடமோ சொல்லும் பிள்ளைகள் உண்டு. அதில் பெற்றோர் வருத்தப்பட ஒன்றுமில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.