விமானத்தில் நம் கையில் இருப்பது

(குத்தம்பாக்கம் வளாகத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். பழைய மாணவர் கூட்டம் என்றால் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் அரியர் பேப்பரைப் பற்றியும் பேசுவதுதான் வழக்கம். அதை எனக்குப் பின்னால் பேசப்போகிற நண்பர்கள் என்னைவிட நன்றாகவே பேசுவார்கள். நான் வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். விமானத்தில் போகும் ஒரு சாதாரணப் பயணி, தன் உயிரைக் காத்துக்கொள்ள என்ன செய்ய முடியும்?

ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள். பூந்தமல்லியில் இறங்கி, பஸ் மாறி, பெங்களூர் நெடுஞ்சாலையில் தொங்கிக்கொண்டு வந்து படித்தவர்கள் நாம். அன்றைக்கு நமக்கு விமானம் என்பது அண்ணாந்து பார்க்கிற பொருள். இன்றைக்கு இந்த மண்டபத்திலேயே ஷார்ஜாவிலிருந்து வந்தவர் இருக்கிறார், சிங்கப்பூரிலிருந்து வந்தவர் இருக்கிறார். மாணவர்களில் சிலர் அடுத்த வருஷமே வேலைக்காக முதல் தடவை ஏறுவீர்கள். அதைவிட முக்கியம், நம் அப்பா அம்மா. பேரப் பிள்ளையைப் பார்க்க, அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக விமானம் ஏறுகிறவர்கள். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? நாம்தானே!

முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்வோம். எல்லாமே பயணியின் கையில் இல்லை. 2025 ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களில் 19 பேர் இறந்தார்கள். அந்தப் பயணிகள் செய்யத் தவறியது என்று எதுவும் இல்லை. அவர்களால் செய்யக்கூடியதும் எதுவும் இருக்கவில்லை.

ஆனால் எல்லா விபத்தும் அப்படி இல்லை. 1983 முதல் 2000 வரை அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு நேர்ந்த விபத்துகளை அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்கெடுத்தது. அந்த விபத்துகளில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே பாருங்கள். 2020 ஆகஸ்ட் 7ஆம் தேதி கோழிக்கோட்டில், கொட்டுகிற மழையில், ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து விமானம் உடைந்தது. இருந்தவர்கள் 190 பேர். விமானிகள் இருவரையும் சேர்த்து 21 பேரை இழந்தோம். மற்றவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். ஆகவே, "விழுந்தா எல்லாம் முடிஞ்சுது, இதுல நாம என்ன செய்ய?" என்பது சரியான பேச்சு இல்லை. பிழைக்க வழி இருக்கிற விபத்தில், முதல் ஒன்றிரண்டு நிமிஷம் பயணி என்ன செய்கிறார் என்பது பெரிய விஷயம்.

இப்போது 2016 ஆகஸ்ட் 3ஆம் தேதிக்கு வருகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் போன எமிரேட்ஸ் விமானம். ஊழியர்களோடு சேர்த்து 300 பேர். அதில் 226 பேர் இந்தியர்கள். துபாயில் இறங்கும்போது, திரும்ப மேலே ஏற முயன்று, முடியாமல், சக்கரம் உள்ளே மடங்கிய நிலையில் தரையில் மோதிச் சறுக்கியது. தீ பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் உள்ளே ஒரு பயணி எடுத்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஜனங்கள் மேலே இருக்கிற பெட்டியைத் திறந்து பையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பணிப்பெண்கள் தொண்டை கிழிய, பையை விட்டுவிட்டுக் குதிக்கச் சொல்லிக் கத்துகிறார்கள். காற்று அடித்த வேகத்தில் சில சறுக்குகள் தூக்கிக்கொண்டு பயன்படாமல் வேறு போயின. எப்படியோ 300 பேரும் பிழைத்தார்கள். ஆனால் விமானம் நின்று சுமார் ஒன்பது நிமிஷத்துக்குப் பிறகு எரிபொருள் தொட்டி வெடித்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரை விட்டார்.

இன்னொரு படத்தையும் பாருங்கள். 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல் படை விமானத்தின் மேல் மோதியது. அந்தச் சின்ன விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானம் முழுக்க எரிந்து சாம்பலானது. ஆனால் அதில் இருந்த 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. ஊழியர்கள் கையில் மெகாபோனை வைத்துக்கொண்டு கத்தினார்கள். பயணிகள் பையை எடுக்காமல், சொன்ன பக்கம் போனார்கள்.

நாம் இஞ்சினியர்கள், கணக்காகவே பார்ப்போம். 44 இருக்கைக்கு மேல் உள்ள விமானத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால், பாதிக் கதவுகளை மட்டும் வைத்து, 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். 2006இல் ஏ380 விமானத்துக்கு நடந்த சோதனையில் 873 பேர் 78 விநாடியில் வெளியேறினார்கள். ஒருத்தர்கூட பையோடு வரவில்லை! நடைபாதையோ ஒரு ஆள் போகும் அகலம்தான். ஒருவர் நின்று பையை இழுக்க ஐந்து விநாடி என்று வையுங்கள். வரிசையில் இருபது பேர் அப்படிச் செய்தால் நூறு விநாடி போச்சு. அந்த நூறு விநாடி உங்கள் கணக்கில் இருந்து போகாது. கடைசி வரிசையில் குழந்தையோடு நிற்கிற அம்மாவின் கணக்கில் இருந்து போகும். பாஸ்போர்ட்டையும் அவசர மருந்தையும் சட்டைப் பையிலோ, இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்துவிட்டால் மேலே கை போக வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது புகை. 1985 ஆகஸ்ட் 22ஆம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டரில், மேலே ஏறவே ஏறாத ஒரு விமானம் ஓடுபாதையில் தீப்பிடித்தது. 137 பேரில் 55 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோரைக் கொன்றது தீ அல்ல, புகை. புகையில் கண் தெரியாது. அதனால் உட்கார்ந்தவுடன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் இருக்கையிலிருந்து முன்பக்கக் கதவுக்கு எத்தனை வரிசை, பின்பக்கக் கதவுக்கு எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள். இருட்டில் இருக்கையின் முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போய்விடலாம். தரையில் வரிசையாக எரிகிற விளக்கும் குனிந்து போகிறவர்களுக்காக வைத்ததுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் மூடியைத் திறந்து வைக்கச் சொல்வது, எந்தப் பக்கம் தீ என்று பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான். விளக்கைக் குறைப்பது, வெளி இருட்டுக்கு நம் கண் பழகட்டும் என்றுதான்.

சீட் பெல்ட்டுக்கு வருவோம். 2024 மே 21ஆம் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம், மியான்மர் வானத்தில் திடீர்க் காற்றுக் கொந்தளிப்பில் மாட்டியது. புவியீர்ப்பின் 1.35 மடங்காக இருந்த விசை, 0.6 விநாடியில் எதிர்த்திசையில் 1.5 மடங்காகப் புரண்டது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். அடுத்த 4 விநாடியில் விசை மறுபடி திரும்பிக் கீழே விழுந்தார்கள். பயணி ஒருவர் இறந்தார், பலருக்குப் பலத்த காயம். 0.6 விநாடியில் யாராலும் பெல்ட்டை மாட்ட முடியாது. ஆகவே விளக்கு அணைந்தாலும், உட்கார்ந்திருக்கிற வரைக்கும் பெல்ட் இடுப்பில் இருக்கட்டும். வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல், இறுக்கமாக. இன்னொன்று, கார் பெல்ட்டுக்குப் பட்டனை அழுத்துவோம், விமான பெல்ட்டுக்கு மூடியைத் தூக்க வேண்டும். பதற்றத்தில் கை பழைய பழக்கத்தில் பட்டனைத் தேடும். ஏறியவுடன் இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

ஆக்சிஜன் முகமூடியை முதலில் நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள் என்று சொல்வார்கள். "அதெப்படி, குழந்தையை விட்டுட்டு?" என்று நம் ஊர் அம்மாக்கள் கேட்பார்கள். 35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் போய்விட்டால், தெளிவாக யோசித்து வேலை செய்ய நமக்குக் கிடைப்பது அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம். அதற்குள் நமக்கே நினைவு தப்பினால் குழந்தைக்கு யார் மாட்டுவது? முகமூடியில் தொங்கும் பை ஊதவில்லை என்றாலும் பயப்படாதீர்கள். ஆக்சிஜன் வந்துகொண்டுதான் இருக்கும். விமானி சில நிமிஷங்களில் 10,000 அடிக்கு இறக்கிவிடுவார்.

கதவு விஷயம் நம் சென்னையிலேயே நடந்தது. 2022 டிசம்பர் 10ஆம் தேதி, திருச்சி போக மீனம்பாக்கத்தில் நின்றிருந்த விமானத்தில் ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்துவிட்டார். தரையில் நின்றதால் ஆபத்து இல்லை. சோதனையெல்லாம் முடித்துத் தாமதமாகக் கிளம்பியது. உயரத்தில் பறக்கும்போது இப்படித் திறக்க முடியாது. உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் ஒரு பெரிய கதவின் மேல் சுமார் பத்து டன் எடையாக அழுத்தும். ஆனால் தாழ்வாக வரும்போது அந்த அழுத்தம் இருக்காது. 2023 மே மாதம் தென்கொரியாவில், இறங்கப்போன விமானத்தில் ஒருவர் கதவைத் திறந்தேவிட்டார்! கதவோர இருக்கை கிடைத்தால் கால் நீட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது ஒரு பொறுப்பு. அட்டையைப் படியுங்கள். முடியாது என்றால் வேறு இடம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. பவர் பேங்க்கை செக்-இன் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் யார் பார்ப்பது? போன் இருக்கை இடுக்கில் விழுந்தால், இருக்கையை அசைத்துத் தேடாதீர்கள். நசுங்கினால் பேட்டரி எரியும். பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று. அறிமுகம் இல்லாதவர் "இந்தப் பையைக் கொஞ்சம் கொண்டுபோங்க" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இதே மீனம்பாக்கத்தில், விமானம் ஏறாமல் போன ஒருவரின் பெட்டி வெடித்து முப்பது பேர் அளவுக்கு உயிரிழந்தார்கள். பெட்டிக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் தூக்கக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

கடைசியாக, 2024 அக்டோபர் 11. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 141 பேரோடு கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த நாம் எல்லோரும், "ஏன் இரண்டு மணி நேரமாச் சுத்துது, இறக்க முடியலையா?" என்று தவித்தோம். வாட்ஸ்அப்பில் வராத வதந்தி இல்லை. உண்மையில் அந்த ரக விமானத்தில் எரிபொருளை வெளியே கொட்ட வசதி கிடையாது. பறந்து எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். சுற்றியது ஆபத்து இல்லை, அதுதான் பாதுகாப்பு. இரவு எட்டேகால் மணி வாக்கில் சக்கரம் ஊன்றிப் பத்திரமாக இறங்கியது.

நண்பர்களே, நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், புதிதாக வருகிற ஒப்பந்தத் தொழிலாளிக்குக்கூட அவசர வழியைக் காட்டிய பிறகுதான் உள்ளே விடுவோம். அவர் அதைக் கவனமாகக் கேட்பார். படித்த நாமோ, விமானத்தில் அதே விஷயத்தைச் சொல்லும்போது போனைப் பார்க்கிறோம். ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அடுத்த தடவை உங்கள் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது, அவர்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுங்கள். பெல்ட்டை எப்படிக் கழற்றுவது, வரிசையை எப்படி எண்ணுவது, சர்க்கரை மாத்திரையை எந்தப் பையில் வைப்பது, அவசரம் என்றால் பையை விட்டுவிட்டு வருவது. அந்தப் பையில் முறுக்கும் ஊறுகாயும்தான் இருக்கும், இன்னொரு தடவை செய்துகொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

 போகிற இடமெல்லாம் நலமாகப் போய் வாருங்கள்.