போதையும் பொறுப்பும்



திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே காவிரியின் மேல் ஒரு பாலம் இருக்கின்றது. கோடை மாலைகளில் காற்று வாங்குவதற்கென்றே நகர மக்கள் பலர் அதன் நடைபாதையில் வந்து நிற்பார்கள். தெற்கே மலைக்கோட்டையும் வடக்கே அரங்கநாதர் கோயிலின் இராசகோபுரமும் விளக்கொளியில் தோன்றும். அங்கே ஒரு மாலையில் என் பழைய மாணவர் ஒருவரின் மகன் என்னைக் கண்டு அருகில் வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன், கூரிய அறிவினன். நலம் கேட்டபின் ஒரு வினாவை எழுப்பினான்:

"ஐயா, கனடாவில் 2018 முதல் கஞ்சாவைக் கடையிலேயே விற்கிறார்கள். ஜெர்மனியிலும் 2024-இல் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். நம் நாட்டில் மட்டும் அதை வைத்திருந்தால் சிறை. அவர்கள் அறிவில்லாதவர்களா, அல்லது நாம் வீணே அஞ்சுகிறோமா?"

இத்தகைய வினாவை அதட்டி அடக்கிவிடுவது எளிது. ஆனால் அதட்டலால் அடங்கிய வினா, விடுதி அறையின் மூலையில் நண்பர்களிடையே மீண்டும் எழும். அங்கே அதற்கு விடை சொல்பவர் யாராக இருப்பார் என்பதை நாம் அறியோம். ஆதலின் அன்று பாலத்தின் மீது நின்று அவ்விளைஞனுக்குச் சொன்னவற்றையும், சொல்ல நாணி விட்டுவிட்ட ஒன்றையும் இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். கஞ்சா ஒரு செடி. அதன் இலையை அரைத்து உண்பதும் பருகுவதும் பாங்கு எனப்படும். பெண்செடியின் பூங்கதிரை உலர்த்திப் புகைப்பது கஞ்சா. பிசினைத் திரட்டி எடுப்பது சரஸ். நம் சித்த மருத்துவர்கள் இச்செடியைக் கோரக்கர் மூலி என்பர். 1839-இல் கல்கத்தாவில் இருந்த ஓஷானசி என்னும் மருத்துவர் இதன் மருத்துவக் குணங்களை ஆராய்ந்து மேலைநாட்டாருக்கு எடுத்துரைத்தார். போதையை விளைவிக்கும் பொருள் இன்னது என்பதை 1964-இல் இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான மெக்கூலமும் காவோனியும் கண்டறிந்தனர். டி.எச்.சி. என்று சுருக்கமாக வழங்கும் பொருள் அதுவே. பின்னர் 1992-இல், மூளையே தனக்கு வேண்டிய அளவில் இதனையொத்த ஒரு பொருளைச் சுரக்கின்றது என்று மெக்கூலத்தின் ஆய்வுக்கூடத்தார் கண்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆனந்தமைடு. ஆனந்தம் என்னும் சொல்லையே எடுத்தாண்டனர்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊர் உவமையால் விளக்கலாம். வயலுக்குப் பாயும் சிறு வாய்க்காலில் நீர் மிகுமானால் உழவர் மண்வெட்டியால் ஒரு பிடி மண்ணை இட்டுச் சிறிதுநேரம் மடையை அடைப்பார். தேவை தீர்ந்ததும் திறந்துவிடுவார். மூளை சுரக்கும் பொருளின் தொழில் அத்தகையது. ஓரிடத்தில், ஒரு கணம், ஓர் அளவு. புகைவழியே புகும் பொருளோ, வயலின் தேவை அறியாத ஒருவன் முக்கொம்பு மேலணைக்குச் சென்று மதகுகளைத் தன் விருப்பம்போல் மணிக்கணக்காக இறக்கிவைப்பதை ஒக்கும். எவ்வயலுக்கு நீர் வேண்டும், எதற்கு வேண்டாம் என்னும் கணக்கு அங்கே இல்லை. அதனால்தான் காலம் நீள்வதுபோல் தோன்றுகின்றது. சற்றுமுன் சொன்ன சொல் மறந்துபோகின்றது. கையும் காலும் கண்ணின் கட்டளைக்கு உடனே இணங்குவதில்லை. அந்நிலையில் இருசக்கர வண்டியில் ஏறிச் சென்னை நெடுஞ்சாலையில் செல்வோன் தன் உயிரை மட்டுமன்றிப் பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றான்.

தீங்குகளைச் சொல்லும்போது உண்மையைக் கூட்டவும் குறைக்கவும் கூடாது. அபினும் ஹெராயினும் அளவு மிஞ்சினால் மூச்சை நிறுத்திக் கொல்லும். கஞ்சா அவ்வாறு கொல்வதில்லை. பயன்படுத்துவோர் அனைவரும் அடிமையாவதும் இல்லை. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அடிமையாகின்றனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. ஆனால் பதின்பருவத்திலேயே தொடங்கியோரைத் தனியே எடுத்து நோக்கினால், ஆறில் ஒருவர் என்னும் அளவுக்கு அது உயர்கின்றது. காரணம் வெளிப்படை. மனித மூளை இருபத்தைந்து வயதை ஒட்டியே முழு வளர்ச்சி அடைகின்றது. திட்டமிடுதல், பொறுத்திருத்தல், விளைவை எண்ணுதல் ஆகியவற்றுக்குரிய முன்மூளையே இறுதியில் முதிர்கின்றது. கட்டி முடியாத வீட்டின் சுவரில் நீர் ஊறுவதற்கும், காய்ந்து இறுகிய சுவரில் நீர் படுவதற்கும் வேற்றுமை இல்லையா? சிலருக்கு, சிறப்பாகக் குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கு, இல்லாத குரல்கள் கேட்பதும் எல்லாரையும் ஐயுறுவதுமாகிய கொடிய நோய் முளைவிட இது துணைசெய்கின்றது. அன்றாடம் பயன்படுத்துவோர்க்கும் வீரியம் மிக்க வகையைப் பயன்படுத்துவோர்க்கும் அவ்வாபத்து மிகுதி. வீரியமோ ஆண்டுதோறும் ஏறிவந்துள்ளது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995-இல் ஏறத்தாழ 4 விழுக்காடாக இருந்த டி.எச்.சி., அண்மை ஆண்டுகளில் 15 விழுக்காட்டை எட்டியுள்ளது. தாத்தா காலத்துச் சாமியார் புகைத்ததும் இன்று விமானத்தில் கடத்தி வரப்படுவதும் பெயரால் ஒன்றே, பொருளால் ஒன்றல்ல.

இனிச் சட்டத்தின் வரலாற்றுக்கு வருவோம். இவ்வாராய்ச்சி மேலைநாட்டில் தோன்றியது என்று பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டிலேயே 130 ஆண்டுகளுக்கு முன் இது நடந்தது. இந்தியாவில் கஞ்சா மக்களைப் பித்தராக்குகின்றது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்த குரலின் விளைவாக, 1893-இல் இந்திய சணல்மருந்துக் குழு என்னும் ஏழுபேர் கொண்ட ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. மாக்வொர்த் யங் அதன் தலைவர். உறுப்பினருள் மூவர் இந்தியர். அவர்கள் 1,193 சாட்சிகளை விசாரித்தனர். அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் ஜவ்வாது மலையில் கஞ்சா பயிரிடப்பட்டுவந்தது என்பதும் அக்குழுவின் அறிக்கையால் தெரியவருகின்றது.

அக்குழு செய்த அரிய செயல் ஒன்றை மாணவராகிய நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பித்தர் விடுதிகளின் பதிவேடுகளில் "நோய்க்குக் காரணம்: கஞ்சா" என்று எழுதப்பட்டிருந்ததை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொருவரின் வரலாற்றையும் தேடிச்சென்று வினவினர். காரணம் என்னும் கட்டத்தை எதனாலேனும் நிரப்பவேண்டும் என்பதற்காகவே பலருடைய தாள்களில் கஞ்சா என்று எழுதப்பட்டிருந்தது புலனாயிற்று. 1894-இல் அவர்கள் கூறிய முடிவு இது: மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு காணப்படவில்லை, மிதமிஞ்சிய பயன்பாடு தீங்கானது, முழுத்தடை தேவையில்லை, வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்துக. இம்முடிவை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. அவர்கள் காலத்தில் இன்றைய மூளை ஆராய்ச்சி இல்லை. இன்றைய வீரியமும் இல்லை. எனினும் பதிவேட்டை நம்பாமல் மனிதனைத் தேடிச் சென்ற அந்நேர்மை என்றும் போற்றத்தக்கது.

பின்னர்க் காற்று மாறியது. 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது இயற்றிய சட்டம் மதுவோடு போதை மருந்துகளையும் தடுத்தது. 1961-இல் உலக நாடுகள் போதைப்பொருள் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. இந்தியாவின் பழக்கவழக்கத்தை எண்ணி இலையும் விதையும் அதில் விலக்கப்பட்டன. 1985-இல் நம் பாராளுமன்றம் இயற்றிய போதைப்பொருள் சட்டமும் அவ்வழியே சென்றது. பூங்கதிரும் பிசினும் குற்றம். தனி இலை குற்றமன்று. அதனால்தான் வடநாட்டுச் சில மாநிலங்களில் பாங்குக் கடைகள் இன்றும் உரிமத்துடன் நடக்கின்றன. இச்சட்டப்படி ஒரு கிலோகிராம் வரையிலான கஞ்சா சிறிய அளவு. அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல் உண்டு. 20 கிலோகிராமுக்கு மேல் வணிக அளவு. அதற்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை.

தளர்த்தவேண்டும் என்போர் கூறும் காரணங்களை முதலில் கேட்போம். மதுவை அரசே விற்கின்றது. புகையிலையை யாரும் தடுக்கவில்லை. கஞ்சாவுக்கு மட்டும் ஏன் இந்நீதி என்கின்றனர். உறையூரில் சுருட்டிய திருச்சிராப்பள்ளிச் சுருட்டு உலகப்புகழ் பெற்றது. 1887-இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதற்கதையிலேயே கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கொண்டு அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவார் அவர். நம் ஊருக்குப் பெருமை தந்த அச்சுருட்டு எத்தனை நுரையீரல்களை அரித்தது என்று யார் எண்ணினார்? இவ்வாதம் வலிமையுடையதே. ஆனால் அது எதை நிலைநாட்டுகின்றது? சட்டம் இசைவதால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதையே நிலைநாட்டுகின்றது. வீட்டில் இரண்டு பாம்புகள் புகுந்துவிட்டன என்பது மூன்றாவதற்குக் கதவைத் திறக்கக் காரணமாகாது. ஆயினும் முதலிரண்டையும் அடிக்காமல் மூன்றாவதை மட்டும் துரத்துவோனை இளைஞர் நகைப்பதிலும் நியாயம் உண்டு.

அவர்கள் கூறும் மற்றொரு காரணம் சிந்திக்கத்தக்கது. தடையினால் வாணிகம் ஒழிந்துவிடவில்லை. ஆந்திர ஒடிசா எல்லைமலைகளிலிருந்து இருப்புப்பாதை வழியாகவும், தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து நம் திருச்சி விமான நிலையம் வழியாகவும் கஞ்சா வந்து பிடிபடும் செய்தியை நாளிதழில் அடிக்கடி காண்கின்றோம். பிடிபடுவோர் பெரும்பாலும் பொட்டலம் சுமக்கும் ஏழைகள். முதலாளியர் அரிதாகவே அகப்படுகின்றனர். மருந்துப் பயன் என்பதும் மெய்யே. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த, போதை தராத ஒரு பொருள், குழந்தைகளுக்கு வரும் கொடிய வலிப்பு நோய் சிலவற்றுக்கு மருந்தாக 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக்கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்கெடுத்தபோது 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன. ஆதரித்தவற்றுள் இந்தியாவும் ஒன்று.

எதிர்ப்போர் கூறுவது யாது? கடை திறந்தால் விளம்பரம் வரும். விளம்பரம் வந்தால் புதியவர் வருவர். அவருள் இளையோரே மிகுதியாக இருப்பர் என்கின்றனர். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பட்டியலிலிருந்து எடுத்தது. தெருவெங்கும் கடைகள் முளைத்தன. மூன்றாண்டு கழித்து, 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இன்றிப் பூங்கதிரை விற்கலாகாது என்று அந்நாடே ஆணையிட நேர்ந்தது. கனடாவிலும் 18 அல்லது 19 வயது நிரம்பாதவர்க்குக் கடையில் இடமில்லை. கியூபெக் மாநிலத்தில் 21 வயது வேண்டும். நண்பர்களே, இதைக் கவனியுங்கள். உலகின் தளர்ந்த சட்டங்களும் உங்கள் தம்பி தங்கையரைக் கடைக்கு வெளியேதான் நிறுத்துகின்றன.

தடை, வாணிகம் என்னும் இரண்டுக்கும் இடையே வேறு வழிகளும் உள்ளன. போர்த்துகல் நாடு 2001-இல் தன் பயன்பாட்டுக்கு வைத்திருப்பதைச் சிறைக்குரிய குற்றமாகக் கருதாமல், அத்தகையோரை மருத்துவரும் சமூகப் பணியாளரும் அமர்ந்த குழுமுன் அனுப்பத் தொடங்கியது. விற்பனை அங்கே இன்றும் குற்றமே. நம் சட்டத்திலும் இதன் வித்து இருக்கின்றது. 64-அ என்னும் பிரிவின்படி, அடிமைப்பட்ட ஒருவர் சிறிய அளவோடு பிடிபட்டாலும், தாமே முன்வந்து ஏற்புடைய மருத்துவமனையில் சிகிச்சை பெற்று முடித்தால் வழக்கிலிருந்து விடுபடலாம். இதனை அறிந்தோர் சிலரே. அறிந்திருக்கவேண்டிய காலத்தில் நானும் அறியவில்லை.

பாலத்தின் மீது சொல்லாமல் விட்டது இதுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் ஒழுங்குக் குழுவில் நான் உறுப்பினனாக இருந்தேன். விடுதி மாணவன் ஒருவனின் பெட்டியில் சிறு கஞ்சாப் பொட்டலம் ஒன்று கிடைத்தது. கணக்கில் வல்லவன், அந்த ஆண்டில்தான் மதிப்பெண் சரிந்திருந்தது, பேச்சும் குறைந்திருந்தது. இருபது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. மாற்றுச் சான்றிதழில் முடிவு எழுதிய மூவருள் நான் ஒருவன். தொட்டியத்துப் பக்கம் வாழை பயிரிடும் அவன் தந்தை துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஐயா, இவனைத் திருத்துறதுக்கு ஏதாவது இடம் இருந்தா சொல்லுங்க" என்றார். நான் வாய்திறக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவின் வாயிலில் அவரை மீண்டும் கண்டேன். மகனுக்குக் காதில் குரல்கள் கேட்கின்றன என்றார். மருத்துவரிடம் பேசினேன். "கஞ்சா மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், தாய்மாமனுக்கும் இந்நோய் உண்டு. ஆனால் அது இதனை முன்கூட்டி வெளியே இழுத்திருக்கலாம். முதலிலேயே வந்திருந்தால் இரண்டு ஆண்டு வீணாகியிராது" என்றார் அவர். அந்த இரண்டு ஆண்டையும் அவனிடமிருந்து பறித்தவருள் நானும் ஒருவன். நூற்றாண்டுக்கு முன் ஏழுபேர், பதிவேட்டை மூடிவைத்துவிட்டு மனிதனைத் தேடிச் சென்றார்கள்; நான் மனிதனை எதிரில் வைத்துக்கொண்டு பதிவேட்டை நிரப்பினேன். அவன் இன்று மருந்து உண்டு நலமாக இருக்கின்றான். ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகின்றான். கணக்கு அவனைக் கைவிடவில்லை.

2019-இல் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் வெளியிட்ட கணக்கெடுப்பு, நம் நாட்டில் ஓராண்டில் 3 கோடிக்கு மேற்பட்டோர் பாங்கையோ கஞ்சாவையோ பயன்படுத்தினர் என்றும், அவருள் ஏறத்தாழ 72 இலட்சம் பேர்க்கு உதவி தேவை என்றும் கூறுகின்றது. 72 இலட்சம் பேரைச் சிறையில் அடைக்கவும் இயலாது. கடை திறந்து குணப்படுத்தவும் இயலாது.

ஆகவே என் விடையை இவ்வாறு தொகுக்கின்றேன். கடைத்தெருவில் கஞ்சா விற்கும் நாள் நம் நாட்டில் வரவேண்டா. மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள வாயிலை அரசு அகலத் திறக்கட்டும். பெருவணிகர் மேல் சட்டம் கடுமையாகவே பாயட்டும். சிக்கிக்கொண்ட இளைஞனுக்கு முதல் வாயில் மருத்துவமனையாக இருக்கட்டும். இவற்றோடு நீங்கள் மாறுபடலாம். மெய்யான செய்திகளைக் கொண்டு மாறுபடுங்கள்.

ஒன்றில் மட்டும் மாறுபடாதீர்கள். உங்கள் அறைத்தோழன் பேச்சைக் குறைத்து, வகுப்பைத் தவிர்த்து, சன்னலோரம் தனித்து அமர்வதைக் கண்டால் காட்டிக்கொடுப்பதா மறைப்பதா என்று தயங்கி நிற்காதீர்கள். அவன் தோளில் கைவைத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வழி தெரியாவிடில் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கின்றது. தொட்டியத்து உழவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை அதுவே. காலம் தாழ்த்தியேனும் உங்களிடம் சொல்லிவிட்டேன்.