கேட்ட பிறகு கருத்துச் சொல்வோம்



வீட்டில் புதிய பாட்டு ஒன்று ஒலித்தால் உடனே இரண்டு தீர்ப்புகள் வந்துவிடும். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்பார் தாத்தா. "உங்களுக்கு என்ன தெரியும் தாத்தா?" என்பான் பேரன். இருவருமே பாட்டை முழுவதும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓர் இசைக்குழு தன் போக்கை மாற்றிக்கொள்ளும்போது நாம் எப்படிக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதை இன்று சிந்திப்போம்.

முதலில் உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு. மெக்சிக்கோவில் பிறந்த கார்லோஸ் சந்தானா, 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு குழுவைத் தொடங்கினார். மின்கிட்டாரோடு, கையால் தட்டும் கொங்கா என்னும் நெட்டை முழவையும் சேர்த்தார். இலத்தீன் அமெரிக்கத் தாளமும் ராக் இசையும் இவ்வாறு ஒன்றாயின. 1969இல் வுட்ஸ்டாக் விழாவில் வாசித்த பின் அக்குழுவின் புகழ் எங்கும் பரவியது. 1978இல் வெளிவந்த இசைத்தட்டு, எளிதில் பாடக்கூடிய 'பாப்' பாட்டுகளின் பக்கம் சாய்ந்தது. பழைய நேயர்களில் பலர் முகம் சுளித்தனர். 1999இல் இளம் பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு சந்தானா வெளியிட்ட தொகுப்போ ஒன்பது கிராமி விருதுகளைப் பெற்றது. அப்போதும், "இது பழைய சந்தானா அல்ல" என்றனர் சிலர். "இதனால்தான் அவரையே அறிந்தோம்" என்றனர் வேறு சிலர். அவரவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் உண்மையே.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. பினாங்கைச் சேர்ந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்களின் 'எலிகேட்ஸ்' குழுவை அறியாதார் யார்? தொடக்கத்தில் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினார்கள். 1970களில் ஹாங்காங் சென்றும் வாசித்தார்கள். பின்னர் மலாய் மொழியில் இனிய பாப் பாட்டுகளைப் பாடி, நாடெங்கும் எல்லா இனத்தார் வீடுகளிலும் இடம் பிடித்தார்கள். அவர்களுக்குப் பாட்டு அமைத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் எம். நாசீர். 2007இல் லோகநாதன் மறைந்தபோது இன வேறுபாடின்றி மக்கள் வருந்தினர். "தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் பாடவில்லையே" என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் குறைப்பட்டதுண்டு. அந்த ஏக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஏக்கம் வேறு, பாட்டு நன்றாக இல்லை என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

கலப்பு என்பது நம் மலாக்காவுக்குப் புதிதா? இங்குள்ள டொண்டாங் சாயாங் கலையைப் பாருங்கள். ஒருவர் பந்துன் பாட, மற்றவர் பதில் பந்துன் பாடுவார். பின்னணியில் வயலின், ரெபானா, கோங் ஆகியவை ஒலிக்கும். மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்த்துகீசியர் ஆகியோரோடு, தமிழ் வணிகர் வழிவந்த காஜா பேராங் செட்டிகளும் அதைப் பாடிக் காத்து வருகிறார்கள். 2018இல் யுனெஸ்கோ அக்கலையை உலகப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

கேட்காமல் ஒதுக்கினால் என்ன ஆகும்? ஆர்மோனியப் பெட்டி நம் கோயில் பஜனைகளுக்கும் நாடகங்களுக்கும் உயிராக இருந்தது. ஆயினும் இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதற்குத் தடை விதித்திருந்தது. இன்று ஆர்மோனியத்தை யார் அந்நியம் என்கிறார்கள்?

இனி, எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் மாலை வேளைகளில் லயத்து வாசலில் கிட்டார் வாசிப்பான். "படிப்பு கெட்டுவிடும், கண்டித்து வையுங்கள்" என்று அவன் தந்தையிடம் ஆசிரியர்களாகிய நாங்களே சொன்னோம். வாத்தியார் சொன்னால் மறுபேச்சு ஏது? மறுநாளே கிட்டார் பரண்மேல் ஏறியது. அவன் என்ன வாசித்தான் என்று எங்களில் ஒருவரும் நின்று கேட்டதில்லை. பிறகு அவன் தாயார் சொல்லித்தான் தெரிந்தது: அவன் பழகியது மாரியம்மன் தாலாட்டு மெட்டு. கிட்டார் கீழே இறங்கியது. ஆனால் பையன் அதன்பின் எங்கள் காதுபட வாசிக்கவே இல்லை.

ஆகவே நேயர்களே, ஒரு பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லுமுன் அதை முழுவதும் ஒருமுறை கேட்போம். எது மாறியிருக்கிறது, எது மாறாமல் இருக்கிறது என்று பார்ப்போம். பிடிக்கவில்லையென்றால் தாராளமாகச் சொல்லலாம். ஏன் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வோம். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அருகில் அழைத்து, அவர்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை அவர்கள் கேட்கட்டும். கருத்து வேறுபட்டாலும் பேச்சு நின்றுவிடாது.