பேடாடல்: கடலாடு காதை முதல் தொலைக்காட்சி மேடை வரை

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சிப் போட்டிகளில் பெண்கோலம் பூண்டு பாடிய ஒரு கலைஞரைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன் என்று அழைப்பிதழில் கண்டதும், "இலக்கிய மேடைக்கு இது பொருந்துமா?" என்று சிலர் அன்போடு வினவினர். சிலப்பதிகாரத்தில் இடம்பெற்ற பொருள் இலக்கிய மேடைக்குப் பொருந்தாமல் போகாது என்பதே என் விடை. ஆகவே சிலம்பிலிருந்தே தொடங்குகிறேன்.

கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களை இளங்கோவடிகள் நிரல்படக் கூறுகிறார். சூரனை வென்ற முருகன் கடல் நடுவே ஆடிய துடியும், அவுணர் படைக்கலம் இழந்து சோர்ந்த வேளையில் குடையைச் சாய்த்து அவன் ஆடிய குடைக்கூத்தும் அவற்றுள் அடங்கும். சூரசங்காரத்துக்குப் பின் முருகன் சினம் தணிந்த இடம் தணிகை என்று போற்றும் நமக்கு இவ்விரண்டும் நெருக்கமானவை. அதே வரிசையில், அவற்றுக்குச் சற்றும் குறையாத மதிப்போடு, பேடு என்னும் ஆடலும் நிற்கிறது. வாணாசுரன் தன் சோ நகரில் அநிருத்தனைச் சிறைவைத்தான். மகனை மீட்கக் காமன் ஆண்மை திரிந்த கோலம் பூண்டு அந்நகரத் தெருவில் ஆடினான். அதுவே பேடாடல்.

இங்கே ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. ஆடுபவள் மாதவி என்னும் பெண். அவள் ஏற்பதோ காமன் என்னும் ஆண். அந்த ஆணோ பேடிக் கோலம் பூண்டவன். ஒரே உடலில் மூன்று நிலைகளை அவையினர் கண்டு மகிழ்ந்தனர். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையிலும், புகார் நகர வீதியில் இக்கூத்தைக் கண்டு நிற்கும் மக்கள் கூட்டம் வருகிறது. இவ்விரு காப்பியங்களிலும் இவ்வாடலைக் கலையாகவே காண்கிறோம்.

இம்மரபு ஏட்டோடு நின்றுவிடவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாள் திருவரங்கத்தில் பெருமாள் மோகினித் திருக்கோலத்தில் எழுந்தருளுகிறார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடினர். நம் தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவின்போது பாரதக் கூத்தில் திரௌபதியாக வருபவர் மரபாக ஓர் ஆடவரே. துகிலுரியும் கட்டத்தில் அவர் முன் கற்பூரம் ஏற்றிக் கைகூப்பும் தாய்மார்களை இம்மாவட்டத்தார் அறிவர்.

நாடக மேடைக்கு வருவோம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டு மதுரையில் நிறுவிய பால சபையில் பெண்வேடங்களைச் சிறுவர்களே ஏற்றனர். அம்மரபில் வளர்ந்த தி.க. சண்முகம் ஔவையாராக நடித்து 'ஔவை சண்முகம்' என்றே பெயர் பெற்றார். ஸ்திரீபார்ட் என்று அந்நாளில் வழங்கிய இவ்வேடம் தனித்தேர்ச்சி வேண்டும் கலையாகக் கருதப்பட்டது.

எல்லைக்கு அப்பாலும் இதுவே நிலை. நம் ஊர் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே அங்குள்ள கலையும் நமக்கு அயலன்று. தெலுங்கு மேடையில் பெண்வேடங்களால் புகழ்பெற்ற ஸ்தானம் நரசிம்மராவ் 1956இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குச்சுப்புடியில் சத்தியபாமாவாக ஆடிய வேதாந்தம் சத்தியநாராயண சர்மாவுக்கு 1970இல் அதே விருது கிடைத்தது. மராட்டிய மேடையின் பால கந்தர்வர் 1964இல் பத்மபூஷண் பெற்றார்.

பால கந்தர்வர் பாடிய அதே மராட்டிய மண்ணில், மும்பையில், 1990இல் பிறந்தவர் சுஷாந்த் திவ்கீகர். 2014ஆம் ஆண்டு தன்பாலீர்ப்பு ஆடவர்க்கான இந்திய அழகுப் போட்டியில் வென்று, உரோம் நகரில் நடந்த உலகப் போட்டிக்குச் சென்றார். அதே ஆண்டில் இந்தி 'பிக் பாஸ்' எட்டாம் பருவத்தில் பங்கேற்றார். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு நடைமுறையில் இருந்தது. சட்டம் குற்றம் என்று கூறிய ஒன்றைத் தம் இயல்பு என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே, நாடு முழுதும் பார்க்கும் வீட்டுக்குள் அவர் நுழைந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பின்னர் அவர் 'ராணி கோஹினூர்' என்னும் மேடைக் கோலத்தைத் தமக்கென வகுத்துக்கொண்டார். கிருஷ்ணைக் கரையின் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கூறப்படும் வைரத்தின் பெயர் அது. அவர் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'அவன்' என்று பொருள்படும் சொல் நடுவே பெரிய எழுத்துகளில் தெரியுமாறு அமைத்தார். அரசியின் பெயருக்குள் ஓர் ஆண்! நம் புலவர்கள் போற்றும் சிலேடைக்கு இது சற்றும் இளைத்ததன்று.

2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் இருவர் மனமொத்து வாழ்வது 377ஆம் பிரிவின்படி குற்றமாகாது எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் 'ச ரி க ம ப' என்னும் இந்திப் பாட்டுப் போட்டியின் மேடையில் ராணி கோஹினூர் ஏறினார். கோலம் அரசியுடையது, குரலோ ஆணும் பெண்ணுமாய் மாறிமாறி ஒலித்தது. இருவர் பாட வேண்டிய பாடலை ஒருவரே பாடினார். குடும்பங்கள் கூடியிருந்து பார்க்கும் நிகழ்ச்சியில் இது நடந்தது. 2021 டிசம்பரில், பெண்கோலக் கலைஞர்கள் தம் சொந்தக் குரலில் பாடிப் போட்டியிட்ட 'குவீன் ஆஃப் த யூனிவர்ஸ்' என்னும் பன்னாட்டு நிகழ்ச்சியில், பதினால்வருள் ஒருவராக இந்தியாவின் சார்பில் நின்றார். வாகை சூடியவர் பிரேசில் நாட்டுக் கலைஞர். ஆயினும் அந்நிகழ்ச்சியின் பன்னாட்டு வரிசையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் இருந்தது.

ஓர் ஐயத்தை இங்கே நீக்க வேண்டும். பெண்கோலம் பூணும் கலைஞர் வேறு, திருநங்கை வேறு. முன்னது மேடையில் ஏற்று மேடையில் களையும் வேடம், பின்னது வாழ்வு. ஒருவரிடத்தே இரண்டும் கூடி அமைதலும் உண்டு. தம்மை ஒரு பாலுக்குள் அடக்க இயலாது எனப் பொதுவில் கூறியவர் இக்கலைஞர். தமிழில் அவரைப் பற்றிப் பேசுவது எனக்கு எளிதாயிற்று. 'அவர்' என்னும் நம் சொல் ஆண் பெண் என வினவுவதில்லை, மதிப்பு ஒன்றையே தருகிறது.

தமிழ்த் தொலைக்காட்சியும் வாளா இருந்ததில்லை. 2008இல் திருநங்கை ரோஸ் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியை விஜய் தொலைக்காட்சியில் நடத்தினார். 2021இல் தமிழ் 'பிக் பாஸ்' ஐந்தாம் பருவத்தில் நமீதா மாரிமுத்து பங்கேற்றுச் சில நாள்களிலேயே வெளியேறினார். அடுத்த பருவத்தில் ஷிவின் கணேசன் இறுதிச்சுற்று வரை நின்று மூன்றாம் இடம் பெற்றார். இவர்கள் வேடக் கலைஞர்கள் அல்லர். தம் வாழ்வையே அவைமுன் வைத்தவர்கள். வேடக் கலைக்கோ நம் தொலைக்காட்சி தந்த இடம் பெரும்பாலும் நகைச்சுவைப் பகுதிதான். மீசையோடு சேலை கட்டி வருபவரைக் கண்டு சிரிக்கப் பழகிய கண், பயிற்சியோடு பெண்ணாய் நிற்பவரை மதிக்கும் பழக்கத்தை இழந்துவிட்டது.

போட்டி நிகழ்ச்சிகளை நான் முற்றிலும் போற்றவில்லை. அவை கண்ணீரை விலைபேசுபவை. கலைஞரின் துயரைக் கலைக்கு முன்னால் நிறுத்துபவை. ஆயினும், பாட வந்தவரைப் பாட்டைக் கொண்டே மதிப்பிடும் ஒரு சில மணித்துளிகளையேனும் அம்மேடை தந்தது. நம் வகுப்பறைகள் அதைத் தந்தனவா?

இவ்வினாவை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் கடலாடு காதை நடத்தினேன். முருகன் குன்றின் நிழலில் இருக்கிறோம் என்ற பெருமிதத்தோடு துடியையும் குடையையும் ஒரு மணி நேரம் விரித்துரைத்தேன். பேடு வந்தபோது அதைத் தாண்டிச் சென்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். கூத்துக் குடும்பத்துப் பிள்ளை. கோடை விடுமுறையில் திரௌபதி வேடம் கட்டுபவன். நடையையும் குரலையும் வைத்து மற்றவர்கள் அவனைக் கேலி செய்வது எனக்குத் தெரியும். "அம்மா, பேடு என்ற ஆட்டத்தை நீங்கள் சொல்லவில்லையே?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான், "அது தேர்வுக்கு வராது, உட்கார்" என்றேன்.

அவன் பட்டம் பெற்றுவிட்டான். பின்னொரு நாள் பேருந்து நிலையத்தில் அடர்ந்த மீசையோடு என்னை வணங்கினான். கூத்து எப்படி நடக்கிறது என்று கேட்டேன். "வேடம் கட்டுவதை விட்டுவிட்டேன் அம்மா" என்றான். காரணம் அவனும் கூறவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று சிரித்த நாற்பது பேரைவிட, அச்சிரிப்புக்கு இசைவு தந்த என் ஒரு தொடர் கொடியது என்று இன்று எண்ணுகிறேன். தம் பெற்றோர் தமக்குத் துணைநின்றதைச் சுஷாந்த் பலமுறை பொதுவில் கூறியுள்ளார். நம் பிள்ளைக்கு ஆசிரியர் ஒருவர் துணைநின்றிருந்தால் ஒரு திரௌபதியை இம்மாவட்டம் இழந்திராது.

இப்போது அப்பகுதியை நான் தாண்டுவதில்லை. சிரிப்பு எழும், எழட்டும் என்று காத்திருந்து, அது அடங்கியபின் காமன் அக்கோலம் பூண்டது ஏன் என்று கேட்பேன். "மகனை மீட்க" என்று யாரேனும் ஒருவர் சொல்வார். அதற்குப் பின் எவரும் சிரிப்பதில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம், வரும் ஆண்டு விழாவின் ஓர் இரவைப் பாரதக் கூத்துக்கு ஒதுக்க வேண்டும். பெண்வேடம் கட்டும் கலைஞரைக் கூத்து முடிந்து வேடம் கலைத்தபின் மேடைக்கு அழைத்து, அவர்தம் பெயரைச் சொல்லிப் பொன்னாடை போர்த்த வேண்டும். வேடத்தை வணங்கும் நாம் அதைக் கட்டியவரையும் மதிக்கக் கற்றோம் என்பதற்கு அது அடையாளமாகும். அவ்விரவுக்கு அம்மாணவனை நானே நேரில் சென்று அழைப்பேன். வருவதும் வராததும் அவன் விருப்பம்.