தாய்வழியையும் எழுதிவைப்போம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவராகிய நான் நோயாளர்களிடம் தினமும் கேட்கும் ஒரு கேள்வி: "உங்கட அம்மம்மா என்ன வருத்தத்தில காலமானவ?" பெரும்பாலும் வரும் பதில், "வடிவாத் தெரியாது, டொக்டர்."

தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் நமக்கும் ஆபத்து அதிகம். தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலும் அப்படியே. குடும்ப வரலாறு உயிர் காக்கும் தகவல்.

திருகோணமலையில் அது அறுபடக் காரணங்கள் பல. 1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சு, 1990 இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 சுனாமி. ஒவ்வொரு முறையும் உயிர்களோடு உறுதிகளும் படங்களும் போயின. ஆனால் பெண்களின் வழி அமைதிக் காலத்திலும் அறுபடுகிறது. திருமணத்தோடு தகப்பனின் முதலெழுத்து போய்க் கணவனின் பெயர் சேர்கிறது. இரண்டு தலைமுறைக்குப் பின் அவர் யாருடைய மகள் என்று சொல்ல ஆளில்லை.

அவர் தகப்பன் பெயரோடு நிற்கும் இடங்கள் சில. இலங்கையில் 1867 முதல் தொடங்கிய பிறப்புப் பதிவு ஒன்று. பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். திருமணப் பதிவு மற்றொன்று. நம் பாடசாலைச் சேர்வு இடாப்பு இன்னொன்று. வீட்டில் கிடக்கும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளையும் எறியாதீர்கள்; அவற்றில் வம்சாவளி அச்சாகியிருக்கும். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் இலவசமாகப் படிக்கலாம்.

இவற்றைத் தேடப் பழகுவதற்கு இலவச இணையவழி உரைகள் உண்டு. பமிலிசேர்ச் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் ரூட்ஸ்டெக் மாநாட்டின் உரைகளை வீட்டிலிருந்தே கேட்கலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் குடும்பப் பெயரை வைத்தே தேடச் சொல்லித்தருவார்கள். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்துத்தான் உண்டு. ஆகவே நமக்கேற்ற உரைகளை நாமேதான் தமிழில் நடத்த வேண்டும்.

சங்கத்திடம் என் வேண்டுகோள் இதுதான். மாதம் ஒரு மணிநேரம், கட்டணமின்றி, சூம் வழியாக ஓர் உரை. இங்கே இரவு 7.30 என்றால் கோடைகாலத்தில் லண்டனில் பிற்பகல் 3 மணி, டொரன்ரோவில் காலை 10 மணி. முதல் உரை பதிவுப் பிரதி எடுப்பது பற்றி; இரண்டாவது கல்வெட்டு வாசிப்பது பற்றி; மூன்றாவது மூத்தவர்களின் பேச்சைக் கைத்தொலைபேசியில் பதிவது பற்றி. நோய் விபரங்கள் மட்டும் குடும்பத்துக்குள் இருக்கட்டும். இடாப்பில் உள்ளதையும் அந்தந்தக் குடும்பத்துக்கே கொடுப்போம்.

மூன்றாவது உரை வரும்வரை காத்திருக்க வேண்டாம். எண்பது வயதைத் தாண்டிய நம் அக்காமார் முன்வரிசையில் இருக்கிறார்கள். தேநீர் வேளையில் ஒருவருக்குப் பக்கத்தில் போயிருந்து, அவருடைய தாயின் பெயரையும் அம்மம்மாவின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பூட்டியின் பெயரும் நினைவிருந்தால் அதையும் எழுதி, அவருடைய பேத்தியிடம் கொடுங்கள்.